பழைய டிராக்டர்: வந்த கோலத்தில் காப்பதா, புதுசாக்குவதா?

ஒரே மாடல், ஒரே வருடத்து டிராக்டர்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் பானெட்டில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. மற்றொன்று வெயிலில் வெளிறிக் கிடக்கிறது; தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டுகிறது. அதன் கிளட்ச் மிதி ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது. பின்னால் வரும் கலப்பையைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஓட்டியவர் கை ஊன்றிய இடத்தில் மட்கார்டின் பெயிண்ட் போய், இரும்பு வழவழவென்று மின்னுகிறது. முதல் வண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நான் இரண்டாவதன் பக்கம்தான் போவேன்.

பழைய டிராக்டர் ஒன்று கைக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: இதை என்ன செய்யப் போகிறாய்? நட்டு போல்ட்டு வரை கழற்றிப் புதுசாக்கலாம். கை வைக்காமல் அப்படியே நிறுத்தலாம். எஞ்சின், கியர், பிரேக்கைச் சரிசெய்துவிட்டு வெளித்தோற்றத்தை மட்டும் தொடாமல் விடலாம். முடியாதென்றால் பார்த்துக்கொள்ளக்கூடிய இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினை எத்தனை முறை வேண்டுமானாலும் திறந்து மூடலாம். தொழிற்சாலையில் அடித்த பெயிண்டை ஒருமுறை சுரண்டினால் அதோடு முடிந்தது. ஆகவே, திரும்பப் பெற முடியாத வேலை எதுவோ அதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்பது என் கட்சி. எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. பொருந்தாத இடங்களையும் பார்ப்போம்.

என்ன மிஞ்சியிருக்கிறது?

தீர்மானம் எடுக்கும் முன் வண்டியைப் படிக்க வேண்டும். ஈரத்துணியும் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். வெயில் படாத இடங்களில்தான் உண்மை ஒளிந்திருக்கும்: பெட்ரோல் டேங்கின் அடிப்பக்கம், டேஷ்போர்டின் பின்புறம், பேட்டரி தட்டின் கீழ், மட்கார்டு அச்சில் பொருந்தும் இடுக்கு. மேலே தெரியும் நிறமும் இங்கே தெரியும் நிறமும் ஒன்றானால் அது பெரும்பாலும் பிறந்த நிறம். உள்ளே வேறு நிறம் எட்டிப் பார்த்தால், யாரோ எப்போதோ பிரஷ் பிடித்திருக்கிறார்கள்.

நிறம் விஷயத்தில் எவ்வளவு எளிதாகத் தவறு நேரும் என்பதற்கு ஃபோர்ட்சன் ‘மாடல் என்’ (N) நல்ல உதாரணம். இங்கிலாந்தின் டாகன்ஹாமில் தயாரான அந்த வண்டி முதலில் நீலம், 1937-ல் ஆரஞ்சு, போர்க்காலத்தில், 1940-லிருந்து பச்சை. ஃபார்மால் வண்டிகள் 1936-ன் கடைசி வரை சாம்பல் நிறம். அதன் பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சிவப்பு. ஃபெர்குசன் 35 முதலில் சாம்பலும் செம்பு நிறமுமாக வந்தது. மாஸி ஃபெர்குசன் 35 என்று பெயர் மாறியபோது சிவப்பானது. ‘இந்தக் கம்பெனி வண்டி என்றால் இந்த நிறம்தானே’ என்று மனப்பாடத்தில் அடித்துவிட்டால், அந்த வண்டி எந்தக் காலத்தில் பிறந்தது என்பதற்கான சாட்சியே அழிந்துபோகும்.

பாகங்களும் அப்படித்தான். ஃபோர்டு 2என் 1942-ல் வந்தபோது ரப்பருக்கும் செம்புக்கும் தட்டுப்பாடு. பேட்டரி, செல்ஃப் மோட்டார் இல்லாமல், பேட்டரி இன்றியே தீப்பொறி தரும் மேக்னெட்டோவோடும் இரும்புச் சக்கரங்களோடும் வண்டிகள் வெளியே வந்தன. போர் முடிந்ததும் பலர் ரப்பர் டயர் போட்டுக்கொண்டார்கள். அப்படி ஒரு வண்டி இரும்புச் சக்கரத்தோடு இன்று கிடைத்தால், அதில் ‘காணாமல் போன’ பேட்டரியைத் தேடிப் பொருத்துவது உதவி ஆகாது. அது காணாமல் போகவில்லை, இருந்ததே இல்லை.

மண்ணெண்ணெய் ரகத்தைச் சேர்ந்த டிராக்டர் எரிபொருளில் ஓடிய வண்டிகளிலும் இதே கதை. பெரிய டேங்கோடு ஒட்டி ஒரு சின்ன பெட்ரோல் அறை இருக்கும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எரிபொருள் எஞ்சினுக்குள் போகும் குழாயான மேனிஃபோல்டு சூடான பின் மறு எரிபொருளுக்கு மாற்றுவார்கள். எஞ்சின் சூடு குறையாமலிருக்க ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு திரையும் இருக்கும். இன்று பெட்ரோலில் மட்டும் ஓட்டுவதால் இதெல்லாம் வேண்டாத உறுப்பாகத் தோன்றும். கழற்றி எறிந்தவர்கள் ஏராளம்.

எண்களையும் பாருங்கள். ஃபோர்டு 8என் வண்டியின் வரிசை எண் எஞ்சின் பிளாக்கின் இடது பக்கத்தில் கையால் அடிக்கப்பட்டது. ஆழம் குறைவு. பல அடுக்குப் பெயிண்ட் அதை மூடிவிடும். மணல் வீசிச் சுத்தம் செய்தால் மழுங்கிவிடும். வார்ப்பு இரும்புப் பாகங்களில் வார்த்த தேதிக் குறியீடு இருந்தால், எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே காலத்தவையா, இல்லை இரண்டு வண்டிகளைச் சேர்த்த ஒன்றா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், பிற்காலத்தில் சேர்ந்த அடையாளங்கள். வயலில் நின்றபடியே பற்றவைத்த ஒரு வெல்டிங், பின்னுக்குப் பதிலாக வளைத்துச் செருகிய ஆணி, கம்பி சுற்றிய ஸ்டீயரிங். இவை பழுதா, வரலாறா? பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், வண்டி தன் வாழ்நாளில் கண்ட மாற்றங்களும் அதன் வரலாற்றில் சேர்த்தி என்றே பார்க்கிறது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: அந்த வெல்டிங் பிரேக் ராடில் இருந்தால் வரலாறு என்று விடமாட்டேன்.

முழுக்கப் புதுசாக்குவது

இந்த வழியின் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு பேரிங்கையும் கையில் எடுத்துப் பார்த்து, ஒவ்வொரு ஆயில் சீலையும் மாற்றி, முதல் முறை எஞ்சின் பிடிக்கும்போது வரும் சந்தோஷத்துக்கு ஈடில்லை. வண்டியை முழுதாக அறிந்துகொள்ள இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடமும் இல்லை. துரு முழுதாக நீங்கி, நல்ல பிரைமர் ஏறினால் தகரம் நீண்ட காலத்துக்குப் பத்திரம்.

ஆனால் விலை கொடுக்கிறோம். முதல் விலை, மணல் வீச்சு. பானெட், மட்கார்டு போன்ற மெல்லிய தகரம் அதன் வேகத்தில் நெளிந்துவிடும். மணல் துகள் பேரிங்குக்குள்ளும் கியர்பாக்ஸுக்குள்ளும் போய்விட்டால் புது எஞ்சினையே தின்றுவிடும். வேலை முடிந்து மாதக்கணக்கில் ஆயில் துவாரங்களிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருக்கும். கழற்றக்கூடிய சின்னப் பாகங்களுக்கு வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சித் துருவை இளக்கும் முறை எவ்வளவோ சாது. அதில் எதிர்முனையாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வைக்கக் கூடாது, நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் உருவாகும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்தவெளியில் செய்ய வேண்டும்.

இரண்டாவது விலையைப் பலர் கவனிப்பதில்லை. தொழிற்சாலையில் டிராக்டரை யாரும் காருக்கு அடிப்பதுபோலப் பெயிண்ட் அடிக்கவில்லை. வயலில் சேற்றில் புரளப்போகும் வண்டி. பல மாடல்களில் பாகங்களைப் பூட்டி முடித்த பிறகு மொத்தமாக மேலே அடித்துவிட்டார்கள். போல்ட்டுத் தலை, ரப்பர் குழாய் எல்லாவற்றின் மேலும் அதே நிறம். வார்ப்பு இரும்பின் சொரசொரப்பு அப்படியே தெரியும். அங்கங்கே வழிந்த தடமும் உண்டு. அதே வண்டிக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, இன்றைய இரட்டைக் கலவைப் பெயிண்டில் கண்ணாடிப் பளபளப்பு ஏற்றினால், அது ஒருநாளும் இருந்திராத ஒரு நிலைக்குக் கொண்டுபோவது. அழகுதான். ‘பழைய நிலைக்கு மீட்டது’ என்ற பெயர் மட்டும் அதற்குப் பொருந்தாது.

பாதியில் நின்றுபோகும் அபாயம் மூன்றாவது. பிரித்துப் போட்டு, டப்பா டப்பாவாக மூலையில் கிடக்கும் டிராக்டர்களைப் பார்த்திருக்கிறேன். உற்சாகத்தில் கழற்றுவது ஒரு வாரம், பூட்டுவது வருடங்கள். இதற்கிடையில் ஒரு டப்பா தொலைந்தால், ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டி உதிரிபாகக் குவியலாகிவிடுகிறது. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைத்திருக்கும் என்று நினைக்கையில் வயிறு எரியும்.

அப்படியானால் இந்த வழி எப்போது சரி? பிறந்த பெயிண்ட் ஏற்கெனவே போய்விட்டிருந்தால், தகரம் ஓட்டை விழுந்து உதிர்ந்துகொண்டிருந்தால், இரண்டு மூன்று வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து உருவான வண்டியாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அதில் அழிப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. ‘இந்த மாடல் எக்கச்சக்கமாக இருக்கிறதே, ஒன்றைப் புதுசாக்கினால் என்ன’ என்பார்கள். அந்த வாதத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஃபெர்குசன் டி.இ.20 வண்டி 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் தயாரானது. ஃபோர்டு 8என் 1947 முதல் 1952-க்குள் அதே அளவைத் தாண்டியது. வண்டி எக்கச்சக்கம், சரி. அந்த லட்சங்களில் கை படாமல், பிறந்த பெயிண்டோடு, ஒட்டிய எழுத்துகளோடு மிஞ்சியவை எத்தனை இருக்கும்? சாதாரண மாடலாக இருப்பதாலேயே அதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் போகிறது.

தொடாமல் நிறுத்துவது

கை வைக்காமல் விடுவது கேட்பதற்கு மரியாதையாக இருக்கும். நடைமுறையில் பாதி நேரம் அது சோம்பலுக்கு இன்னொரு பெயர். கொட்டகையில் நிறுத்திப் பிளாஸ்டிக் படுதாவை இழுத்து மூடிவிட்டால் வண்டி காக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. படுதாவுக்குள் ஈரம் வியர்த்துக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கிறது. மூடாமல், நிழலில், காற்று உலவும்படி நிறுத்துவது படுதாவைவிட மேல். தூசிக்கு மூடியே ஆகவேண்டும் என்றால் பழைய பருத்தித் துணி போதும்.

நிறுத்தி வைப்பதும் ஒரு வேலைதான். எஞ்சின் பிளாக்கிலும் ரேடியேட்டரிலும் பழைய தண்ணீரை விடக் கூடாது. உறைபனி விழும் இடமென்றால் பிளாக்கே பிளந்துவிடும். பெட்ரோலை வடித்துவிட வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, அவ்வப்போது கைப்பிடியால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் திறந்திருக்கும் வால்வைத் தாண்டி பிஸ்டன் மேல் போய் உட்காரும். பிஸ்டன் இறுகி எஞ்சின் சீஸ் ஆவதற்கு அதுவே முதல் காரணம். கிளட்ச் மிதியை ஒரு கட்டையால் அழுத்தியே வைத்தால் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளாது. டயருக்கடியில் பலகை போடலாம். நீண்ட காலம் என்றால் அச்சுக்குத் தாங்கி கொடுத்துத் தூக்கிவைப்பது இன்னும் நல்லது.

பின் டயரை மறந்துவிடாதீர்கள். பிடிமானத்துக்காகக் கால்சியம் குளோரைடு கரைத்த தண்ணீரை டியூபில் நிரப்பும் வழக்கம் இருந்தது. வால்வு ஓரமாகக் கசியத் தொடங்கினால் அந்த உப்புத்தண்ணீர் ரிம்மை உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே டயர் ஜம்மென்று இருக்கும். கழற்றும்போதுதான் ரிம் சல்லடையானது தெரியும். வால்வைச் சுற்றி வெள்ளைப் பூச்சு தெரிந்தால் உடனே வடித்துவிடுங்கள்.

இத்தனையும் செய்ய மனமிருந்தால் தொடாமல் நிறுத்துவது மதிப்பான வழி. மிக அரிய வண்டிக்கு, குறிப்பாக உள்ளுறுப்புகளும் பிறந்தபடியே இருக்கும் வண்டிக்கு, இதைத்தான் சொல்வேன். அப்படிப்பட்ட வண்டியில் பிஸ்டன் ரிங் கூட ஒரு ஆவணம்.

உள்ளே சீர், வெளியே பழசு

நான் தேர்ந்தெடுப்பது இதை. இதில் செய்யும் வேலைகள் பெரும்பாலும் திரும்ப மாற்றக்கூடியவை. மாற்றிய பழைய பாகத்தை எறியாமல் ஒரு சீட்டு கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டால், அடுத்து வருபவர் விரும்பினால் திருப்பிப் பூட்டிக்கொள்ளலாம். புதுப் பாகத்தில் கண்ணை உறுத்தாத, ஆனால் அழியாத ஒரு குறி போடச் சொல்கிறது டூரின் சாசனம். வருடத்தைச் சின்னதாக அடித்துவைத்தால் போதும்.

வெளிப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் தவறு செய்தது அங்கேதான். பானெட் பக்கவாட்டில் எழுத்து ஒன்று இருந்ததன் நிழல் மட்டும் தெரிந்தது. கிரீஸும் தூசியும் சேர்ந்து கெட்டியாகிக் கிடந்ததால், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தேன். அழுக்கு போயிற்று. அடியில் பாதுகாப்பாக இருந்த எழுத்தின் மீதிப் பாதியும் துணியோடு வந்துவிட்டது. அந்த வெறும் தகரத்தை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குக் கை கூசும். அன்றிலிருந்து மென்மையான சோப்புத் தண்ணீர், பழைய பெயிண்ட் பிரஷ், மரக்குச்சி, இந்த மூன்றோடுதான் தொடங்குகிறேன். அதுவும் கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பார்த்து. கியர்பாக்ஸ் மேல் படிந்த கெட்டி கிரீஸுக்கு மண்ணெண்ணெய் சரி. எழுத்து இருக்கும் பக்கம் அது வரவே கூடாது. அழுத்தத் தண்ணீர்க் குழாயை வண்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அது பெயிண்டை உரிப்பதோடு மேக்னெட்டோ, பேரிங், டைனமோ எல்லாவற்றுக்குள்ளும் தண்ணீரை ஏற்றிவிடும்.

சுத்தம் செய்தபின் மேலே என்ன பூசுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. காய்ச்சிய ஆளி விதை எண்ணெய் பூசினால் வெளிறிய நிறம் ஒரே நாளில் உயிர்பெறும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் சில மாதங்களில் மஞ்சளித்து, தூசியைப் பிடித்துக்கொண்டு, தோல்போல இறுகிவிடும். பிறகு அதை எடுக்கப்போனால் அடியிலுள்ள பெயிண்டும் சேர்ந்து வரும். இன்னொரு ஆபத்தும் உண்டு: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வைக்கவோ விரித்துக் காயப்போடவோ வேண்டும். கிளியர் லேக்கர் அடிப்பது அதைவிட மோசம். துரு அதற்கடியில் வேர்போல ஓடும், மேலிருந்து எதுவும் செய்ய முடியாது. கம்பளி எண்ணெயான லேனோலின் கலந்த பூச்சு துருவை நன்றாகத் தடுக்கிறது, கொஞ்சம் பிசுபிசுக்கும். அடிப்பாகங்களுக்கு அதுவே பொருத்தம். கண்ணில் படும் தகரத்துக்கு நான் மெழுகைத்தான் நம்புகிறேன். மினுமினுப்பு குறைவு, வருடம் ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். வேண்டாமென்றால் கரைத்து எடுத்துவிடலாம் என்பதே எனக்கு அதில் பிடித்தது.

இப்போது உள்ளே. சீஸ் ஆன எஞ்சினை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்ப்பவர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. கனெக்டிங் ராடு வளையும், பிஸ்டன் உடையும். ஊடுருவும் எண்ணெயை சிலிண்டருக்குள் விட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைப்பதுதான் வழி. அந்த வண்டி பல வருடம் நின்றிருக்கிறது, இன்னும் ஒரு மாதம் நின்றால் ஒன்றும் ஆகாது.

எரிபொருள் அமைப்பைத் திறந்தே ஆகவேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை இளக்கும். பழைய கார்புரேட்டரில் கார்க் மிதவை இருந்தால் அதன் மேலுள்ள அரக்குப் பூச்சையும் கரைத்துவிடும். மிதவை பெட்ரோலைக் குடித்து மூழ்கும், கார்புரேட்டர் வழியும். குழாய்களையும் மிதவையையும் மாற்றுங்கள், பழையதைப் பெட்டியில் போடுங்கள்.

மின்சாரத்தில் பெரிய சண்டை 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது. ‘6 வோல்ட் எழும்பாது, மாற்றிவிடு’ என்பதுதான் எல்லா மெக்கானிக்குகளின் முதல் யோசனை. பிறந்த காலத்தில் தினமும் எழும்பிய வண்டி இப்போது ஏன் எழும்பவில்லை? பெரும்பாலும் வயர்தான் குற்றவாளி. அதே சக்திக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு மின்னோட்டம் ஓட வேண்டும். 12 வோல்ட் கார் பேட்டரிக்கான மெல்லிய கேபிளைப் போட்டிருந்தால் அது சூடாகும், செல்ஃப் சோம்பலாகச் சுற்றும். தடித்த கேபிள் போட்டு, எர்த் இணையும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் எழுந்துவிடும். ஃபோர்டு ‘என்’ (N) வரிசையில் பாசிட்டிவ் முனைதான் எர்த் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டுக்கு மாற்றுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஃபெர்குசன் டி.இ.20-ல் கியர் லிவரை ‘எஸ்’ நிலைக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும். கியரில் இருக்கும்போது எழும்பவே வழியில்லை. மாற்றும்போது சுலபத்துக்காகத் தனியாக ஒரு பட்டனை வைத்துவிடுகிறார்கள். கியரில் இருக்கும் வண்டி ஆளை ஏற்றிக்கொண்டு ஓடிவிடுவது அப்படித்தான். பழைய வடிவமைப்பே இங்கே பாதுகாப்பானது.

ஹைட்ராலிக் பற்றி ஒரு வார்த்தை. கலப்பை போன்ற கருவியை மூன்று இடத்தில் பூட்டி ஹைட்ராலிக்கால் தூக்கும் ஹாரி ஃபெர்குசனின் மூன்று புள்ளி இணைப்புதான் ஃபெர்குசன், ஃபோர்டு ‘என்’ வண்டிகளின் பெருமை. 1938-ல் அவரும் ஹென்றி ஃபோர்டும் கைகுலுக்கியே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், அடுத்த வருடம் ஃபோர்டு 9என் வந்தது. இந்தக் குடும்பத்து வண்டிகளில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். கியர் லிவர் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் இறங்கினால் மூன்றும் சேர்ந்து கெடும். அடியிலுள்ள வடிகால் போல்ட்டைத் திறக்கும்போது மோர்போல வெள்ளையாக வந்தால், எண்ணெயை முழுதாக மாற்றி, அந்த உறையையும் மாற்றுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம்.

பூர்வீகம் தோற்க வேண்டிய இடம்

ஒரே ஒரு விஷயத்தில் பழமையைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது: உயிர். இந்த வண்டிகள் பின்பக்கமாகக் கவிழும். இழுக்கும் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே கட்டினால், சுமை நகராதபோது வண்டி பின்சக்கரத்தை மையமாக வைத்து மல்லாக்கப் புரளும். கிளட்சை மிதிக்கக்கூட நேரமிருக்காது. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தை ஸ்வீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய வண்டிகளில் அது இருக்காது. அச்சு உறையில் போல்ட்டால் பூட்டும் சட்டம் உங்கள் மாடலுக்குத் தயாராகி, சோதிக்கப்பட்டுக் கிடைத்தால், வேலை செய்யும் வண்டிக்குப் பூட்டுங்கள். காட்சிக்கு வைக்கும் நாளில் கழற்றிக்கொள்ளலாம். வீட்டில் வெல்டிங் செய்த சட்டத்தை நம்ப வேண்டாம். சீட் பெல்ட் அந்தச் சட்டத்தோடு சேர்ந்து மட்டுமே. எஞ்சின் சக்தியைப் பின்னால் பூட்டிய கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இல்லாவிட்டால் அதையும் போடுங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் தண்டு சட்டை நுனியைப் பிடித்தால் விடாது.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த நிலையில் தேய்த்துப் புழுதி கிளப்பாதீர்கள். பழைய பிரேக், கிளட்ச் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஓட்டுவதும் ஒப்படைப்பதும்

உள்ளே சீர்செய்தால் ஓட்ட வேண்டும். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது கெடுதல். எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால் எரிந்த புகையிலுள்ள நீராவி, எஞ்சினுக்கடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கிவிடும். ஓட்டினால் அரைமணி நேரமாவது, சுமையோடு, நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். அதற்கு நேரமில்லாத மாதத்தில் கைப்பிடியால் சுற்றிவிட்டால் போதும். இலேசான வேலை வண்டிக்கு நல்லது. அன்றாடம் முழுநாள் உழவுக்கு இதை நம்புவது வேறு: தேய்ந்த பாகங்களை மாற்றிக்கொண்டே போய், சில வருடத்தில் பழசு என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூரை இல்லை, நேரமில்லை என்றால் கொடுத்துவிடுவதே நேர்மை. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் முன், அவர்கள் அதைக் கூரைக்கடியில் வைப்பார்களா, வாசலில் வெயிலில் நிறுத்துவார்களா என்று கேளுங்கள். தனி ஆளிடம் கொடுத்தால் சீட்டு கட்டிய பெட்டியையும் படங்களையும், யார் ஓட்டினார்கள் என்ற விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அவை இல்லாமல் போனால் அந்தத் தேய்ந்த மிதி வெறும் தேய்ந்த மிதிதான்.

கடைசியாக, என்னிடம் அதிகம் கேட்கப்படும் சிக்கலான வகை ஒன்று உண்டு: பிறந்த பெயிண்டுக்கு மேலே முந்தைய உரிமையாளர் எப்போதோ பிரஷால் அடித்த வண்டி. புதுசாக்குவதா, மேல்பூச்சை நீக்குவதா, விடுவதா? உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் திறந்து பாருங்கள். மட்கார்டின் உள்பக்கம் போன்ற இடத்தில், சாராயக் கரைப்பான் நனைத்த பஞ்சால், கொஞ்சம் கொஞ்சமாக. மேல்பூச்சு மட்டும் கரைந்து அடிப்பூச்சு நின்றால், பொறுமையுள்ளவருக்கு வருடக்கணக்கில் செய்ய வேலை கிடைத்துவிட்டது. இரண்டும் சேர்ந்து வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, பிரஷ் தடங்களோடு மெழுகு பூசி விட்டுவிடுங்கள். ஜன்னலை மூடாதீர்கள், பிறந்த நிறம் என்னவென்று கேட்பவர்களுக்குக் காட்ட அந்த உள்ளங்கை இடம் வேண்டும்.